நேயருக்குப் பிடிக்காத பாட்டு

இருசாயியின் பாட்டு நகரத்தில் எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. ஜிகினா எஃப்.எம்மில் மட்டும் ஓடவில்லை.

குக்கர்கள் அந்த மெட்டில் விசிலடித்தன. டவுன் பஸ்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது அதைப் பாடின. பல் டாக்டர் அதைப் போட்டுவிட்டுத்தான் இடுக்கியைக் கையில் எடுத்தார். கோர்ட்டில் டவாலி பெயர் கூப்பிட்டால் அந்த ராகத்தில்தான் வந்தது. வாதியும் பிரதிவாதியும் ஒரே குரலில் "ஏத்து" என்றார்கள். யாருக்கும் இது ஆச்சரியமாக இல்லை. பாட்டு நல்ல பாட்டு. ஆட்களும் கேட்டார்கள், சாமான்களும் கேட்டன.

இருசாயி சித்தாள். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கட்டடங்களுக்குக் கூரைத்தளம் போடுகிற கூட்டத்தில் பாட்டெடுத்துக் கொடுப்பவள்.

அந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கீழே கலவை மெஷின் இருக்கும். மேலே கூரை. நடுவில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி கை மாறிக் கை மாறி மேலே போகும். காலிச் சட்டியை வேறு பக்கமாகக் கீழே எறிவார்கள். வரிசையில் நிற்பவர் சட்டியைப் பார்க்கக் கூடாது, ஆளையும் பார்க்கக் கூடாது. இந்தப் பக்கம் கை நீட்டினால் சட்டி வரும். அந்தப் பக்கம் கை நீட்டினால் சட்டி போகும். பார்த்தால் கை தடுமாறும். கை தடுமாறினால் மேலே கலவை இறுகும். இறுகிய இடத்தில் புதுக் கலவை ஒட்டாது, வீடு ஒழுகும். அதனால் தொடங்கிய தளத்தை நிறுத்துவது என்பது கிடையாது. ஒருமுறை கூட்டத்தை நடத்துகிற தீர்த்தகிரி மேஸ்திரியின் அப்பா செத்த சேதி வந்தது. அது சட்டியோடு சட்டியாகக் கை மாறித்தான் மேலே போனது. கடைசிச் சட்டி கொட்டின பிறகுதான் அவர் அழுதார்.

பாட்டும் அப்படித்தான். கடைசிச் சட்டி போனால்தான் பாட்டு நிற்கும்.

கல்லும் மண்ணும் கலந்து வருது
ஏத்து தாயி ஏத்து
கைய நீட்டு கண்ணப் பாக்காத
ஏத்து தாயி ஏத்து
ஊரான் வூட்டுக்கு ஒசரத்துல கூர
ஏத்து தாயி ஏத்து

எவனோ ஒரு வீட்டுக்காரனின் மச்சான் செல்லில் படம் பிடித்துப் போட்டான். விடிவதற்குள் பாட்டு ஊரைச் சுற்றி வந்துவிட்டது. இருசாயி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது.

அவள் மகள் அனுசியா நூல்மில்லில் இருந்தாள். மில்லுக்குள்ளேயே விடுதி. வெளியே விட மாட்டார்கள். செல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அம்மாவின் போனில் பேசலாம். மற்றபடி தூணுக்குத் தூண் ஸ்பீக்கர் கட்டி, நாள் முழுக்க ஜிகினா எஃப்.எம். போடுவார்கள். மெஷின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது.

முதலில் அனுசியா பேச்சைக் குறைத்தாள். பிறகு சிரிப்பை மாற்றினாள். போன ஞாயிற்றுக்கிழமை இருசாயி போன் போட்டபோது, மகள் துள்ளலாக எடுத்தாள்.

"ஹலோ, யார் பேசறீங்க?"

"அம்மா பேசறன்டி."

"சூப்பர். எங்கிருந்து பேசறீங்க?"

சைட்டிலிருந்துதான், வேறு எங்கிருந்து என்றாள் இருசாயி. செமையான இடம் என்றாள் மகள். யாருக்காகப் பாட்டு கேட்கிறீர்கள் என்றாள்.

"உனக்குத்தான்டி. அனுசியாவுக்கு."

"அனுசியாங்கிற பேருல இங்க யாரும் இல்லையே. வேற யாருக்காச்சும்?"

அதன்பிறகு ஒரு நகைக்கடை விளம்பரத்தை முழுசாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இருசாயி மில்லுக்குப் போனாள். கேட் அந்தப் பக்கம் என்று வாட்ச்மேன் காட்டினான். அந்தப் பக்கம் போனால் கேட் இந்தப் பக்கம் வந்திருந்தது. பொழுதுக்கும் மதிலைச் சுற்றினாள். மதில் நன்றாகக் கட்டியிருந்தார்கள், ஒரு செங்கல்கூடப் பிசகவில்லை. கடைசியில் வார்டன் அம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். பெண்ணுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறாள், வேலை செய்கிறாள் என்றாள். ரேடியோவில் வருகிறவர்களைத்தான் இங்கே பிள்ளைகளுக்குத் தெரியும் என்றாள்.

"நீ ரேடியோவுல வர்றதில்லையேம்மா. அவ உன்ன எப்படி நெனப்பு வெச்சுக்குவா?"

இதில் குதர்க்கம் எதுவும் இல்லை. வார்டன் உள்ளதைச் சொன்னாள். இருசாயி சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜிகினா எஃப்.எம்முக்கு நடந்தாள்.

அது கண்ணாடிக் கட்டடம். வாசலில் நின்ற செக்யூரிட்டி அவளுடைய பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்தாமலே அவளை நிறுத்தினார். இந்தப் பாட்டைப் பாடினவள் நான்தான் என்றாள் இருசாயி. பாடுகிறவர்கள் இப்படி இருக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, அவள் காலில் சென்ட் அடித்து உள்ளே விட்டார்.

உள்ளே நீளமான நடைவழி. தரை கண்ணாடி மாதிரி. அவள் ஓரடி வைத்தால் நடை ஈரடி நீண்டது. காலில் சிமென்ட் இருந்தால் அப்படித்தான், பழகிக்கொள்ள வேண்டும் என்று ரிசப்ஷனில் இருந்த பெண் சொன்னாள். டீ கொண்டுபோகிற ஆளுக்கு மட்டும் நடை குறுகிக் கொடுத்தது. அடுத்த தடவை அவர் வந்தபோது இருசாயி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நிகழ்ச்சித் தலைவியின் அறைக்குள் விழுந்தார்கள்.

தலைவியின் பெயர் சம்யுக்தா. நாற்காலியில் பழைய பேப்பர் விரித்த பிறகு உட்காரச் சொன்னாள். மேஜைக்கு அடியில் அவளுடைய கால் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதை அவள் இன்னொரு காலால் மிதித்து நிறுத்தினாள்.

பாட்டு பிரமாதம் என்றாள். அதைப் போட்டால்தான் தன் குழந்தை சாப்பிடுகிறது என்றாள்.

"அப்ப ரேடியோவுல போடுங்க."

"எங்க நேயருக்குப் பிடிக்காதும்மா."

ஊரே பாடுகிறதே என்றாள் இருசாயி. ஊர் வேறு, நேயர் வேறு என்றாள் சம்யுக்தா. இதில் பகை எதுவும் இல்லை என்றும் சொன்னாள். பாட்டு வந்தபோது, இது யாருக்கும் தெரியாத பாட்டு என்று போடவில்லை. இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அதனால் போட முடியவில்லை. நடுவில் ஒரு நாள் போட்டிருக்கலாம். அன்றைக்கு லீவு.

மற்ற குறைகளையும் எடுத்துச் சொன்னாள். பாட்டில் சட்டி உரசுகிற சத்தம் இருக்கிறது. மூச்சு வாங்குகிற சத்தம் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு அசதி வந்துவிடும். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கிறது சிமென்ட் கம்பெனி.

"எங்க விளம்பரத்துல சிமென்ட்டுக்கு எடை கிடையாதும்மா. உன் பாட்டுல இருக்கு. இடிக்குது பாரு."

இந்த மாதிரிப் பாட்டுகளுக்கென்று பொங்கல் இருக்கிறது, அன்றைக்கு ஒரு நாள் மண்வாசனை போடுவோம் என்றாள். பொங்கல் எப்போது என்றாள் இருசாயி. இந்த வருசம் இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள் சம்யுக்தா.

பிறகு ஆறுதலாக ஒரு காரியம் செய்தாள். இதே பாட்டை வெளியூர்ப் பெண் ஒருத்தியை வைத்துப் பாட வைத்திருந்தார்கள். அதைப் போட்டுக் காட்டினாள். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. இருசாயி பழக்கத்தில் கையை நீட்டினாள். சட்டி வந்தது. காலிச் சட்டி.

"இத எம்மக கேட்டா யாரோன்னுதான் நெனப்பா," என்றாள். "அந்த நேயர்ங்கிற ஆள எனக்குக் காட்டுங்க."

காட்டினார்கள். மறைக்கிற பழக்கம் அங்கே இல்லை. சம்யுக்தாவோடு ஆர்.ஜே. ரோஷன் என்று ஒரு பையனும் கூட வந்தான். அவன் சட்டைக் காலரில் மைக் குத்தியிருந்தது. பேசாமல் இருந்தால் அவன் மெலிந்து காகிதம் மாதிரி ஆகிவிடுவான், அதனால் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான்.

நேயர் ஒரே ஒருத்தர்தான். கட்டடத்தின் உச்சியில் ஓர் அறையில் சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்போன், கைகளில் வெள்ளைக் கையுறை. எல்லாப் பாட்டும் முதலில் அவருக்குத்தான் போகும். அவர் மூக்கைச் சுளித்தால் பாட்டு செத்தது. அந்த அறைக்குக் கூரை கிடையாது. வேண்டாத பாட்டெல்லாம் மேலே போய்விடட்டும் என்று திறந்து விட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் நேயர் நனைவார். அந்த மாதங்களில் மழைப்பாட்டாகவே தேர்வாகும்.

நேயர் இருசாயியைப் பார்த்தார். பாட்டைக் கேட்கவே இல்லை, மூக்கு சுளித்துக்கொண்டது.

இருசாயி அவருடைய கால்களைப் பார்த்தாள். விரலிடுக்கில் பழைய வெள்ளைத் தழும்புகள். ஈரச் சிமென்ட் தின்ற இடம் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எந்த ஊரு தம்பி உனக்கு?"

தனக்கு ஊர் கிடையாது, தான் நேயர் என்றார் அவர்.

அவள் அவர் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நேயர் நாற்காலியை ஒரு சுற்று சுற்றி, மறுபடி அவளுக்கு நேராக வந்து நின்றார்.

"எங்கம்மா கையில ரேகை கிடையாது," என்றார். "சிமென்ட் தின்னுட்டுச்சு. அந்தக் கையால சோறு ஊட்டுவா. வாயெல்லாம் கீறிடும். உன் பாட்டு வந்தா எனக்கு வாய் எரியுது. போதுமா?"

சம்யுக்தா இதைக் கேட்டுத் தலையாட்டினாள். இதைத்தான் ஆராய்ச்சி என்று சொல்வது என்று ரோஷன் விளக்கினான்.

இருசாயிக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் வரவில்லை.

"உன் வாய் எரிஞ்சா எரியட்டும்," என்றாள். "உங்கம்மா பாட்டு உனக்கு வேணாம்னா அது உன் பாடு. எம்மக காதுல என் குரல் விழணும். நடுவுல நீ யாரு?"

நேயர் உறையை இழுத்து விட்டுக்கொண்டார். சரி, பாடு, நான் மூக்கைச் சுளிக்காவிட்டால் போடட்டும் என்றார். சுளிக்கத்தான் போகிறேன் என்றும் சொன்னார்.

வெறுங்கையோடு பாட்டு வராது என்றாள் இருசாயி. கையில் ஏதாவது கொடுங்கள் என்றாள் சம்யுக்தா. காபி குடிக்கிற கப்பைக் கொடுத்தார்கள். பாட்டு கப் அளவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் மவுஸைக் கொடுத்தார்கள். அதற்குப் பாட்டே வரவில்லை, லேசாக இருமல் வந்தது.

"தளம் போட்டாத்தான் பாட்டு," என்றாள் இருசாயி.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அறைக்குக் கூரை இல்லை. ஒரு காக்கை குறுக்கே போனது. போட்டுவிடலாம், ரொம்ப நாளாகப் போட வேண்டும் என்றுதான் இருந்தோம் என்றாள் சம்யுக்தா.

தீர்த்தகிரி மேஸ்திரிக்குப் போன் போனது. அவர் ரேடியோவா வீடா என்று கேட்கவில்லை. தண்ணீர் எங்கே, முடிந்ததும் பிரியாணி யார் போடுவது, இரண்டுதான் கேட்டார். கேன்டீனில் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். மெஷினோடு வந்து இறங்கினார். பலகை அடித்துக் கம்பி கட்டி முடித்துவிட்டு, மேலே ஏறி நின்றுகொண்டார். கீழே கூட்டத்தில் ஒருத்தியான சாலம்மா மெஷின் பக்கத்தில் முதல் ஆளாக நின்றாள். இருசாயி நேயர் அறையில் ஏணிக்குக் கீழே நின்றாள்.

பாட்டெடுத்தாள். முதல் சட்டி கிளம்பியது.

அந்த நடைதான் தொல்லை கொடுத்தது. எல்லார் காலிலும் சிமென்ட் இருந்ததால் அது இஷ்டத்துக்கு நீண்டது. ஆள் போதவில்லை, நடுவில் வரிசை அறுந்துவிடும் போலிருந்தது. அறுந்தால் தளம் கெட்டது.

தளம் போடுகிற ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் ஒரு கை நீண்டால் அதில் சட்டியை வைத்துவிடுவார்கள். யார் கை, எதற்காக நீண்டது என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். நில்லுங்கள் என்று செக்யூரிட்டி கையை நீட்டினார். சட்டி வைத்தார்கள். என்ன இது, தரையெல்லாம் பாழாகிறது என்று சம்யுக்தா உள்ளங்கையைக் காட்டினாள். சட்டி வைத்தார்கள். வரிசைக்கு வந்தவர்களை வரவேற்கிறேன் என்று ரோஷன் கை கொடுத்தான். அவனுக்கும் வைத்தார்கள். கையில் சட்டி வந்துவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. சம்யுக்தா ரோஷனுக்குக் கொடுத்தாள். ரோஷன் இருசாயிக்குக் கொடுத்தான்.

இருசாயி அந்தப் பக்கம் திரும்பினாள். நேயர் காதைப் பொத்துவதற்காகக் கையைத் தூக்கியிருந்தார். அவள் சட்டியை அதில் வைத்தாள்.

நேயருடைய கை மறக்கவில்லை. உறை கிழிந்தது. சட்டி சுத்தமாக மேலே ஏறியது, ஒரு துளி சிந்தவில்லை. அவர் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. மூக்கைச் சுளித்தார், பலமாகச் சுளித்தார். ஆனால் யாரும் பார்க்கவில்லை. வரிசையில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

ரோஷன் காலரில் இருந்த மைக் திறந்தே கிடந்தது. பாட்டு ஜிகினா எஃப்.எம்மில் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒரு கை வேண்டும். அந்தக் கட்டடத்தில் சட்டி இல்லாத கை ஒன்றுகூட இல்லை.

ரோஷனுக்கு வாயைத் திறக்க நேரம் இல்லை. மெலிந்துகொண்டே வந்தான். இருந்தாலும் சட்டியை மட்டும் தவறாமல் கொடுத்தான்.

சேதி வந்தது. சாலம்மா சொல்லி, கை மாறி, சட்டியோடு வந்தது. மில்லில் எல்லாத் தூணும் பாடுகிறதாம். மெஷின்கள் நின்றுவிட்டனவாம். பிள்ளைகள் எழுந்துவிட்டார்களாம்.

இன்னொரு சேதி. மில் கேட் சரியான பக்கத்துக்கு வந்துவிட்டதாம். பிள்ளைகள் தெருவில் இறங்கிவிட்டார்களாம்.

இருசாயிக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆனால் கேள்வி கீழே போகாது. வரிசையில் எதுவும் மேலேதான் போகும். கீழே போவது காலிச் சட்டி மட்டும். நேயர் கீழே எறிய இருந்த ஒரு காலிச் சட்டிக்குள் அவள் குனிந்து, அனுசியா வர்றாளா என்று கேட்டாள். சட்டி போனது.

பாட்டை விடாமல் பாடினாள். சட்டிகள் வந்தன. ஒவ்வொரு சட்டியிலும் பதில் இருக்கிறதா என்று காது கொடுத்தாள். ஒரு சட்டியில் ஜல்லி அதிகமாக இருந்தது. ஒன்றில் தண்ணீர் அதிகம். பிறகு ரோஷன், காகிதம் சரசரக்கிற மாதிரிக் குரலில் சொன்னான்.

"வந்துட்டிருக்கா."

இருசாயி குரலை உயர்த்திப் பாடினாள், கடைசிச் சட்டி போகட்டும் என்று நினைத்தாள். அப்புறம் திரும்பிப் பார்க்கலாம். மகள் தலையை வாரிவிட வேண்டும். பிரியாணியில் ஒரு பொட்டலம் அவளுக்கு வாங்கித் தர வேண்டும். ஏன்டி என்னை யாரென்று கேட்டாய் என்று முதுகில் ஒன்று போட வேண்டும்.

கை நீட்டினாள். சட்டி வந்தது. திரும்பினாள், கொடுத்தாள். கை நீட்டினாள். சட்டி வந்தது. திரும்பினாள், கொடுத்தாள்.

கை நீட்டினாள். இது கனமாக இருந்தது. கலவையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று நினைத்தாள். சூடாகவும் இருந்தது. புதுச் சிமென்ட் சூடாகத்தான் இருக்கும். பஞ்சு வாசனை அடித்தது. சட்டி அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கனமான சட்டி அப்படித்தான் பிடிக்கும். அவள் தம் பிடித்துத் தூக்கினாள். திரும்பினாள், கொடுத்தாள்.

நேயர் வாங்கி மேலே ஏற்றினார். மேலே தீர்த்தகிரி வாங்கிக்கொண்டார். கலவையை நிரவி மட்டப்பலகை இழுக்கிற சத்தம் கேட்டது.

"இந்தச் சட்டி பேசுச்சு," என்றார் நேயர். அவரும் அவளைப் பார்க்கவில்லை.

பாட்டில் ஓர் அடி விட்டுப்போனது. என்ன பேசியது என்று இருசாயி கேட்டாள்.

"அம்மான்னுச்சு."

இருசாயியின் கை நீண்டே இருந்தது. அடுத்த சட்டி வந்தது.